எத்தனை சாவி?

பூட்டு அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. ஏழு லீவர் பித்தளைப் பூட்டு, ஒரு கீறல் இல்லை. கதவு மட்டும் திறந்து கிடந்தது. மேசைமேல் இருந்த மூன்று லேப்டாப்புகளும் பையோடு காணவில்லை. சார்ஜரைக்கூட சுருட்டி எடுத்துப் போயிருந்தார்கள்.

2024 ஆகஸ்ட் 19, திங்கட்கிழமை, காலை ஒன்பது மணி. காரைக்காலில் ஓர் அரசு அலுவலகம். எது என்று சொல்லப்போவதில்லை. அங்கே எனக்கு இன்னும் வேலை இருக்கிறது. சூப்பிரண்டு, இரண்டு கிளார்க், வாட்ச்மேன், கூட்டுகிற அம்மா எல்லாரும் பூட்டைச் சுற்றி நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். “பூட்டு பூட்டினபடியே இருக்கு சார்” என்று வாட்ச்மேன் நாலு தடவை சொல்லிவிட்டார். அவர் கவலை அவருக்கு.

பூட்டுக் கடை பாய் வந்தார். நூல் கட்டிய கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு வாசலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். பூட்டைப் பார்க்கவே இல்லை. கதவில் கொண்டி இருந்த இடத்தைப் பார்த்தார். நாலு ஓட்டை. கொண்டியைக் கதவில் பிடித்திருந்த நாலு ஸ்குருவும் வெளிப்பக்கம் தலை காட்டிக்கொண்டு இருந்தவை. வந்தவன் பூட்டைத் தொடவில்லை. ஸ்குரு டிரைவரால் நாலையும் கழற்றியிருக்கிறான். கொண்டியும் பூட்டும் சேர்ந்து நிலைக்காலோடு தங்கிவிட, கதவு திறந்துகொண்டது. கழற்றிய ஸ்குருக்களை ஜன்னல் விளிம்பில் வரிசையாக வைத்துவிட்டும் போயிருந்தான்.

“ஒழுங்கான பையன்” என்றார் பாய். “யாரும் தொடாதீங்க, போலீஸ் வரட்டும்.”

அந்த ஒரு நிமிடத்தில்தான் இந்தத் தொழில் என்னவென்று எனக்கு முதல்முறை புரிந்தது என்று நினைத்தேன். பாதிதான் புரிந்திருந்தது. மீதி அன்று மதியம் என் தலையிலேயே விழுந்தது.

நான் ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரானிக் மெக்கானிக் முடித்துவிட்டு, அரசு அலுவலகங்களுக்கு ஏ.எம்.சி. (ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம்) எடுத்துச் செய்யும் கம்ப்யூட்டர் கடையொன்றில் அப்ரன்டிஸ். பிரின்டர் ரோலர் துடைப்பது, யூ.பி.எஸ். பேட்டரி மாற்றுவது, ஹேங் ஆன சிஸ்டத்தை ஃபார்மட் பண்ணுவது. பக்கத்தில் நாலடி அகலத்தில் பூட்டு பாய் கடை. கரண்ட் போனால் எங்கள் கடையில் வேலை நின்றுவிடும், அவர் கடையில் நிற்காது. அப்படிப் போய் உட்கார ஆரம்பித்தவன்தான். “சும்மா ஏன் உட்கார்ந்திருக்கே தம்பி, இந்த அரத்தைப் பிடி” என்று ஒருநாள் கையில் கொடுத்தார். இரண்டு மாதம் அந்த அரத்தைத் தவிர வேறு எதையும் தொட விடவில்லை.

சாவி தொலைந்துபோன பூட்டோடு வருகிறவர்களுக்கு அவர் செய்யும் வேலையைப் பார்க்க வேண்டும். வெறும் பிளாங்க்கை விளக்குச் சுடரில் காட்டிக் கரி பிடிக்க வைப்பார். அதைப் பூட்டுக்குள் விட்டு மெல்லத் திருப்பி வெளியே எடுப்பார். லீவர் முட்டிய இடத்தில் கரி போய்ப் பளபளப்பு தெரியும். அங்கே இரண்டு இழுப்பு அரம். மறுபடி கரி, மறுபடி திருப்பு. பத்துப் பதினைந்து தடவையில் பூட்டு தன் சாவியைத் தானே சொல்லிவிடும். நான் முதலில் செய்தபோது அவசரத்தில் நாலாவது இழுப்பு போட்டுவிட்டேன். பித்தளையைக் குறைக்கலாம், கூட்ட முடியாது. பிளாங்க் காசு என் கணக்கில் எழுதப்பட்டது.

கடற்கரை ஊரின் பூட்டுக்குத் தனி வைத்தியம். உப்புக்காற்று லீவர் ஸ்பிரிங்கை அரிக்கும். உடனே வீட்டில் எல்லாரும் தேங்காய் எண்ணெய் விடுவார்கள். எண்ணெய் மணலையும் தூசியையும் பிடித்து வைத்துக்கொண்டு ஒரு மாதத்தில் களிம்பாகிவிடும். பாய் பென்சில் கரியைத் தூளாக்கி ஊதுவார். கிராஃபைட்தான், வேறொன்றுமில்லை. திண்டுக்கல் பூட்டு மேல் அவருக்குத் தனி மரியாதை. 2019இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்த செய்தி வந்த தினசரித் துண்டு, கடைச் சுவரில் பழுத்துப்போய் இன்னும் ஒட்டியிருக்கிறது. அலிகார் பூட்டை விற்பார், ஆனால் புகழ மாட்டார்.

இடையில் ஒன்று. சாவி என்ற சொல் போர்ச்சுகீசியரோடு வந்தது, அலமாரியும் அப்படித்தான். பீரோ பிரெஞ்சு. பூட்டு மட்டும் நம்முடைய சொல். நமக்குத் திறவுகோல் என்று அருமையான சொல் இருந்தும் அது கோயிலுக்கும் பிரசங்கத்துக்கும் போய்விட்டது. 1739 முதல் 1954 வரை பிரெஞ்சுக்காரன் ஆண்ட ஊரில், பீரோவையும் சாவியையும் சேர்த்துச் சொல்லும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும்.

திருட்டு நடந்த நாலு நாள் லீவுக்கும் அதே வரலாறுதான் காரணம். ஆகஸ்ட் 15 நாடு முழுவதும் விடுமுறை. 1962 ஆகஸ்ட் 16 அன்று பிரெஞ்சுப் பகுதிகள் சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்ததால் புதுச்சேரி ஒன்றியப் பகுதிக்கு மறுநாளும் விடுமுறை. 2024இல் 15 வியாழன், 16 வெள்ளி, பிறகு சனி, ஞாயிறு. புதன் மாலை ஆறு மணிக்கு மூடிய அறையைத் திங்கள் காலை ஒன்பதுக்குத் திறக்கிறார்கள். 111 மணி நேரம். இந்தக் கணக்கு தமிழ்நாட்டுக்காரனுக்குத் தெரியாது. பூவம் தாண்டினால் தரங்கம்பாடியில் 16ஆம் தேதி ஆபீஸ் உண்டு. ஆகவே வந்தவன் நம்மூர் காலண்டர் தெரிந்தவன் என்றார் பாய். போலீஸ்காரர் அதைக் கேட்டுத் தலையை ஆட்டினார், நோட்டில் எழுதவில்லை.

அடுத்து பாய் சூப்பிரண்டிடம் கேட்டதுதான் இந்தக் கட்டுரையின் தலைப்பு. “சார், இந்த ரூமுக்கு எத்தனை சாவி?”

“ரெண்டு” என்றார் சூப்பிரண்டு.

பூட்டோடு வந்தவை மூன்று. அதைப் பாய் அறிவார், விற்றவர் அவர். எண்ண ஆரம்பித்தோம். சூப்பிரண்டு கையில் ஒன்று. பியூனிடம் ஒன்று. கூட்டுகிற அம்மா காலையில் முதலில் வருவதால் அவரிடம் ஒன்று, அது டூப்ளிகேட். வாட்ச்மேன் அறையில் ஆணியில் மாட்டியது ஒன்று, அதுவும் டூப்ளிகேட். அந்த ஆணியை வராந்தாவில் நிற்கும் எவரும் பார்க்கலாம். “நான் ஒண்ணு வச்சிருந்தேன், வீட்ல இருக்கு” என்று ஒரு கிளார்க் மேடம் தயங்கிச் சொன்னார். ஆறாவது, இரண்டு வருடத்துக்கு முன் மாற்றலாகிப் போன மேல்நிலை கிளார்க்கின் சாவிக்கொத்தோடு மாஹேவுக்குப் போயிருந்தது. இந்த ஒன்றியப் பகுதியின் விசித்திரம் அது. சாவி அரபிக்கடல் ஓரம், பூட்டு வங்கக்கடல் ஓரம். ஏழாவது இருக்கிறதா என்று யாருக்கும் உறுதியில்லை.

திருடன் சாவியை உபயோகிக்கவில்லையே, பிறகு ஏன் இந்த விசாரணை என்று சூப்பிரண்டு எரிச்சல்பட்டார். நியாயமான எரிச்சல். பாய் பதில் சொல்லாமல், கருவூலத்தைப் பாருங்கள் சார் என்றார். கருவூலத்தின் ஸ்ட்ராங் ரூமுக்கு இரட்டைப் பூட்டு. இரண்டுக்கும் வேறு வேறு சாவி, இரண்டு அதிகாரிகளிடம். ஒருவர் இல்லாமல் மற்றவர் கதவைத் திறக்க முடியாது. டூப்ளிகேட் சாவி முத்திரையிட்டு அந்தக் கட்டடத்துக்கு வெளியே வேறிடத்தில். தேர்தல் முடிந்து வாக்குப்பதிவு இயந்திரங்களை வைக்கும் அறைக்கும் இரட்டைப் பூட்டும் சீலும்தான். எவரும் அங்கே பூட்டின் கம்பெனியைக் கேட்பதில்லை. சாவி யார் கையில் என்பதுதான் காகிதத்தில் இருக்கும். அதே அரசாங்கம், அதே தெரு, நூறடி தள்ளி இன்னொரு அறையில் ஆணியில் மாட்டுகிறது. பணம் என்றால் பயம் வருகிறது. ஆயிரம் பேரின் ஆதார் நகல் என்றால் வருவதில்லை.

போலீஸ்காரர் சீரியல் நம்பர் கேட்டார். ஸ்டாக் ரெஜிஸ்டரைக் கொண்டுவந்தார்கள். ‘லேப்டாப் – 3’ என்று இருந்தது. அவ்வளவுதான். சொத்துகளை ஆண்டுக்கு ஒருமுறையாவது நேரில் சரிபார்க்க வேண்டும் என்று 2017இன் பொது நிதி விதிகள் சொல்கின்றன. சரிபார்த்ததாகக் கையெழுத்தும் இருந்தது. மூன்று இருக்கிறதா, இருக்கிறது. எந்த மூன்று என்று எவரும் கேட்டதில்லை. தொலைந்தது செல்போன் என்றால் ஐ.எம்.இ.ஐ. எண்ணை வைத்து முடக்க 2023 மே முதல் நாடு முழுவதற்குமான சி.இ.ஐ.ஆர். வசதி இருக்கிறது. லேப்டாப்புக்கு அப்படி ஒரு எண்ணும் கிடையாது, முடக்கும் ஏற்பாடும் கிடையாது. அடியில் ஒட்டிய சீரியல் நம்பர் ஒன்றுதான் அதன் அங்க அடையாளம். வாஞ்சூர் தாண்டினால் நாகூர், வேறு மாநிலம், வேறு போலீஸ். அங்கே ஒரு கடையில் இந்த லேப்டாப்பைப் பார்த்தாலும் இதுதான் அது என்று எதைக் கொண்டு சொல்வது?

என் சர்வீஸ் ஷீட்டில் மூன்று எண்களும் இருந்தன. ஜூன் மாதம் வேலை செய்தபோது எழுதி வைத்தவை. எடுத்துக் கொடுத்தேன். பாரதிய நியாய சன்ஹிதா அமலாகி ஏழு வாரம்தான் ஆகியிருந்தது. அதன் 305ஆவது பிரிவு, அரசாங்கச் சொத்தைத் திருடுவதைத் தனியாகப் பெயர் சொல்லி ஏழாண்டு வரை தண்டனை வைக்கிறது. ஸ்டேஷன் ரைட்டர் புதுப் புத்தகத்தைப் புரட்டி அதைக் கண்டுபிடித்தார். சூப்பிரண்டு என் தோளில் தட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்தத் தெம்பில்தான் சொன்னேன்: “டேட்டா பத்திக் கவலையே படாதீங்க சார். மூணிலேயும் பிட்லாக்கர் போட்டிருக்கேன்.”

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். விண்டோஸில் போடும் பாஸ்வேர்டு பாதுகாப்பு என்று நினைப்பவர்கள் பலர். அது அந்தக் கதவின் கொண்டி மாதிரி. லேப்டாப்பின் அடிமூடியில் எட்டுப் பத்து ஸ்குரு. கழற்றி டிஸ்க்கை வெளியே எடுத்து, சின்ன கேஸிங்கில் போட்டு இன்னொரு கம்ப்யூட்டரில் செருகினால் பாஸ்வேர்டு எதுவும் கேட்காமல் எல்லா ஃபைலும் வந்து நிற்கும். கதவைத் திறந்த அதே ஸ்குரு டிரைவர் போதும். பிட்லாக்கர் அப்படியல்ல. டிஸ்க்கில் எழுதப்படுவதையே குலைத்து எழுதுகிறது. டிஸ்க்கைத் தனியே எடுத்தால் குப்பைதான் தெரியும். மறைகுறியாக்கம் என்று பாடப்புத்தகம் சொல்லும். எங்கள் கடையில் லாக் என்போம். மதர்போர்டு கெட்டாலோ வேறு ஏதாவது மாறினாலோ திறக்க ஒரு ரெக்கவரி கீ உண்டு: 48 இலக்கம், ஆறு ஆறாக எட்டுக் கொத்து.

2006 மே மாதம் அமெரிக்காவில், முன்னாள் படைவீரர் நலத்துறை ஊழியர் ஒருவர் வீட்டில் திருட்டு. போன லேப்டாப்பிலும் டிஸ்க்கிலும் 2 கோடியே 65 லட்சம் பேரின் விவரம், லாக் எதுவும் இல்லாமல். ஜூன் கடைசியில் பொருள் திரும்பிக் கிடைத்தது, எவரும் திறந்து பார்த்ததாகத் தெரியவில்லை என்றார்கள். ஆனாலும் வழக்கு நடந்து, 2009இல் 2 கோடி டாலர் தருவதாக அரசு ஒப்புக்கொண்டது. இந்தக் கதையை முதலாளி சொல்லிக் கேட்டுத்தான் ஜூனில் நானே முன்வந்து மூன்றிலும் லாக் போட்டேன். விதவை பென்ஷன், முதியோர் பென்ஷன், வங்கிக் கணக்கு எண்கள் எல்லாம் அதில்தான்.

பாய் கேட்டுக்கொண்டிருந்தார். “நல்லது தம்பி. அதுக்கு எத்தனை சாவி?”

“ஒண்ணுதான் பாய். 48 நம்பர்.”

“எங்க இருக்கு?”

வாய் திறந்தது, வார்த்தை வரவில்லை. அந்த செக்‌ஷனில் அடிக்கடி ரெக்கவரி கீ கேட்டு ஸ்கிரீன் நீலமாக நிற்கும். ஒவ்வொரு தடவையும் எனக்குத்தான் போன். சலித்துப்போய் மூன்று சாவியையும் பிரின்ட் எடுத்து, மடித்து, அந்தந்த லேப்டாப் பையின் உள்பாக்கெட்டில் வைத்திருந்தேன். தொலையாமல் இருக்க லேமினேட் வேறு செய்திருந்தேன்.

பாய் என்னைத் திட்டவில்லை. கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். கூட்டுகிற அம்மாதான், “ஆணியில மாட்டினது நான் மட்டும் இல்ல போல” என்றார். இன்றுவரை என்னை யாரும் அதைவிடச் சரியாகச் சொன்னதில்லை. அன்று மாலையே அந்த லேப்டாப்புகளில் பயன்படுத்திய கணக்குகளின் பாஸ்வேர்டுகளை எல்லாம் மாற்றி, எந்தெந்த விவரம் போயிருக்கலாம் என்று பட்டியல் எழுதி, மேலிடத்துக்கு அனுப்ப வேண்டிய கடிதத்தை சூப்பிரண்டோடு உட்கார்ந்து தயாரித்தேன். என் லேமினேஷனும் அதில் ஒரு வரியாக இருந்தது.

அதற்குப் பிறகுதான் பாய் என்னை ஒழுங்காகக் கூட்டிப் போக ஆரம்பித்தார். கதவு மாற்றவோ பூட்டுப் போடவோ எந்த அலுவலகம் கூப்பிட்டாலும் மாலை ஆறு மணிக்குப் போவோம், எல்லாரும் கிளம்பின பிறகு. முதலில் உள்ளே போகக் கூடாது. வெளியே ஒரு சுற்று. ஏ.சி.க்காகச் சுவரில் போட்ட ஓட்டை, வென்டிலேட்டர், மாடிப்படிக்கு அடியில் கிடக்கும் ஏணி. அரசு அலுவலகத்தில் ஏணி எப்போதும் வென்டிலேட்டருக்குப் பக்கத்தில்தான் கிடக்கும், ஏனென்று இன்னும் விளங்கவில்லை. கீல் வெளிப்பக்கம் இருக்கிறதா, அதன் ஊசியைத் தட்டி எடுக்க முடியுமா என்று பார்ப்பார். கொண்டி என்றால் ஸ்குரு வேண்டாம். கதவைத் துளைத்து, தலை வழுவழுப்பான போல்ட்டை வெளியிலிருந்து விட்டு, உள்பக்கம் நட்டு. கேமரா நாலு மூலையிலும் இருக்கும். அது பதிவு செய்யும் டி.வி.ஆர். பெட்டி டீ பிளாஸ்க்குக்குப் பக்கத்தில் திறந்த மேசையில் இருக்கும். திருடன் அதையும் எடுத்துக்கொண்டு போனால் கேமரா அலங்காரத்துக்கு.

லேப்டாப்பை மேசையோடு கட்டும் கேபிள் பூட்டு ஒன்றை முதலாளி வாங்கிக் கொடுத்தார். வட்டச் சாவி. 2004இல் இதே மாதிரி வட்டச் சாவி போட்ட சைக்கிள் பூட்டை அமெரிக்காவில் பால்பாயின்ட் பேனாவின் பிளாஸ்டிக் குழாயால் திறந்து காட்டினார்கள் என்று பாயிடம் சொன்னேன். அவர் நம்பவில்லை. ஒரு பழைய சைக்கிள் பூட்டில் முயன்று என் பேனாதான் பாழாயிற்று. கேபிள் பூட்டு, மதியம் சாப்பிடப் போகும் அரைமணிக்கு உதவும். 111 மணி நேரத்துக்கு உதவாது. அதற்கு இரும்பு பீரோவும் கேட் பாஸும்.

நேரம் என்றதும் நினைவுக்கு வருகிறது. 1851இல் லண்டன் கண்காட்சிக்கு வந்த ஹாப்ஸ் என்ற அமெரிக்கப் பூட்டுக்காரர், யாராலும் திறக்க முடியாது என்று கடைச் சன்னலில் சவால் விட்டு வைத்திருந்த பிரமா பூட்டை 51 மணி நேர வேலையில் திறந்துவிட்டார். “நம்ம ஆபீசுன்னா அவன் ரெண்டு பூட்டு திறந்திருப்பான்” என்றார் பாய். அதே ஹாப்ஸ் திறந்த இன்னொன்று சப் பூட்டு. அதன் பிறப்பே ஓர் அரசுக் கட்டடத் திருட்டில்தான். 1817இல் போர்ட்ஸ்மத் கப்பல் துறையில் கள்ளச்சாவி போட்டுத் திருடினார்கள். உரிய சாவி இல்லாமல் திறக்க முடியாத பூட்டு செய்தால் பரிசு என்று ஆங்கில அரசு அறிவித்தது. 1818இல் ஜெரமையா சப் செய்த பூட்டை யாராவது வேறு கம்பியோ சாவியோ விட்டுத் துழாவினால் உள்ளே ஒரு லீவர் மாட்டிக்கொள்ளும். மறுநாள் உடையவர் சாவி போட்டதும் திருப்ப முடியாது. யாரோ கைவைத்திருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். பாய்க்கு இந்தக் கதை ரொம்பப் பிடித்துப்போனது. மூன்று தடவை சொல்லச் சொன்னார். நம் ஊரில் அரக்கு முத்திரை வைத்ததும் அதற்குத்தானே என்றார். அடுத்த வாரம், மகளிடமிருந்து பழைய நெயில் பாலிஷ் புட்டி ஒன்றை வாங்கி வந்தார். கொண்டி போல்ட், டி.வி.ஆர். மூடி, லேப்டாப் அடி ஸ்குரு எல்லாவற்றிலும் ஒரு சொட்டு, விளிம்பு தாண்டி. யாராவது கழற்றினால் பெயரும். காரைக்கால் அரசு அலுவலகங்கள் சிலவற்றில் ரோஸ் கலர் பொட்டு வைத்த ஸ்குருக்களைப் பார்த்தால் அது நாங்கள்.

லேப்டாப்பில் எண்ணைப் பொறிப்பதும் அப்போது தொடங்கியதுதான். தமிழ்நாட்டில் 2011 செப்டம்பரில் மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியபின், பள்ளியில் அடுக்கிவைத்த லேப்டாப்புகளைப் பூட்டுடைத்துத் திருடிய செய்தி எத்தனை வந்திருக்கும். அரசு அடையாளம் அச்சிட்டிருந்தும் எடுத்தார்கள். ஸ்டிக்கரை ஹேர் டிரையரால் உரித்துவிடலாம். ஆகவே பாய் என்கிரேவிங் பேனாவால் மூடியின் நடுவில் பெரிதாக எழுதுவார். அசிங்கமாக இருக்கிறது என்று ஒரு அதிகாரி வருத்தப்பட்டார். அசிங்கமாகத்தான் இருக்கும்.

யார் எடுத்திருப்பார்கள் என்று அந்த அலுவலகத்தில் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்ட நாட்களில், கொச்சி கதையைத்தான் நினைத்துக்கொள்வேன். 2019 செப்டம்பரில் கொச்சிக் கப்பல் தளத்தில், கட்டிக்கொண்டிருந்த விமானந்தாங்கிக் கப்பலிலிருந்தே — பின்னாளில் ஐ.என்.எஸ். விக்ராந்த் — கம்ப்யூட்டர் டிஸ்க்கும் ராமும் புராசசரும் காணாமல் போயின. நாடே உளவாளியைத் தேடியது. என்.ஐ.ஏ. வந்து, ஆயிரக்கணக்கான தொழிலாளர்களின் கைரேகையை ஒப்பிட்டு, 2020 ஜூனில் பிடித்தது இரண்டு பேரை. கப்பலுக்கு பெயின்ட் அடிக்க வந்த ஒப்பந்தத் தொழிலாளர்கள். பாஸ் வைத்து உள்ளே வந்தவர்கள். கதவை உடைக்கவே தேவை இருக்கவில்லை. நானும் பாயும்கூட ஒப்பந்தக்காரர்கள்தான், கையில் ஸ்குரு டிரைவரோடு. அதனால் இப்போது எந்த அறைக்குள் போனாலும் மூவ்மென்ட் ரெஜிஸ்டரில் நேரம் போட்டுக் கையெழுத்து வைக்கிறேன். கேட்கிறார்களோ இல்லையோ.

ரெக்கவரி கீ இன்று எப்படி இருக்கிறது என்றால்: இரண்டு பிரதி. ஒன்று சூப்பிரண்டின் பீரோவில், உறையில், மேல் ஒட்டில் இரண்டு கையெழுத்து. இன்னொன்று அந்தக் கட்டடத்தில் இல்லை. என்னிடமும் இல்லை. போன் வந்தால், ஸ்கிரீன் நீலமாக நின்றால், நிற்கட்டும். உறையை எடுக்க இருவர் வர வேண்டும். கிளார்க் மேடம் என்னைச் சபிக்கிறார்.

மூன்று லேப்டாப்பும் கிடைக்கவில்லை.

தீபாவளிக்கு முந்தின வாரம் மாஹேயிலிருந்து அலுவலகத்துக்கு ஒரு ரிஜிஸ்டர் தபால் வந்தது. உள்ளே, மன்னிப்புக் கடிதத்தோடு அந்த ஆறாவது சாவி. பூட்டு மாற்றி இரண்டு மாதம் ஆகியிருந்தது. சூப்பிரண்டு அதை என்னிடம் கொடுத்தனுப்பினார். பாய் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பல் ஒன்றில் அரம் இழுத்த கோடு சாய்ந்திருந்தது.

“இது நம்ம கடைச் சாவி இல்ல” என்றார். “வேற யாரோ போட்டது. அப்ப நான் வித்த மூணுல மூணாவது எங்க?”

வைஸில் மாட்டியிருந்த வேலையைக் கழற்றி வைத்துவிட்டு சட்டையை மாட்டினார். நான் வண்டியை எடுத்தேன்.